மணிக்கட்டில் நரம்பு அழுத்தம்: ஸ்பிளிண்ட், ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவற்றுள் எதை முதலில் செய்வது?

தையல்நூல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தையல் தொழில் செய்பவள். வயது ஐம்பதை நெருங்குகிறது. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருகிறேன். அண்மைக் காலமாக வலது கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும் மரத்துப்போகின்றன. பகலில் நீண்ட நேரம் கத்தரிக்கோலைப் பிடித்துத் துணி வெட்டினால் தொடங்குகிறது என்றாலும், தொல்லை மிகுவது இரவில்தான். நள்ளிரவுக்கு மேல் கை எரிவதுபோல் இருந்து விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சிறிது நேரத்தில் அடங்குகிறது. இப்போது பொத்தான் தைக்கும்போது ஊசி விரல்களுக்கு இடையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது.

நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்து, இது கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் நோய்) என்றும் பாதிப்பு மிதமான அளவில் இருக்கிறது என்றும் எழுதித் தந்தார்கள். முதலில் பார்த்த மருத்துவர் இரவில் ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை அசையாமல் பிடித்து வைக்கும் உறை) அணியுமாறும், அதில் குறையவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றும் கூறினார். இரண்டாவதாகப் பார்த்தவரோ, ஊசியெல்லாம் தற்காலிகம், எப்படியும் அறுவை சிகிச்சைதான் முடிவு, அதை இப்போதே செய்துகொள்வதுதான் நல்லது என்கிறார். இருவரும் அனுபவம் மிக்கவர்கள். கையை நம்பிப் பிழைப்பவள் என்பதால் தேவையின்றிக் கத்தி வைக்கவும் தயக்கமாக இருக்கிறது; காலம் தாழ்த்தி நரம்பைக் கெடுத்துக்கொள்ளவும் அச்சமாக இருக்கிறது. இந்த நோயைப் பற்றி அறிந்தவர்களும் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இயன்முறையாளர்

வணக்கம் அம்மா. நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவன். ஊசியா அறுவையா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். ஸ்பிளிண்ட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால், "ஸ்பிளிண்ட் போட்டுப் பார்த்தேன், பயனில்லை" என்று சொல்லி வருபவர்களில் பலர் அதைச் சரியான கோணத்தில் அணிந்திருப்பதே இல்லை.

மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகள் தரையாகவும் அவற்றின் மேல் குறுக்காக ஓடும் தடித்த நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்த குறுகிய வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு, உங்களுக்கு மரத்துப்போகும் அந்த மூன்று விரல்களுக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. எலும்பும் விரிந்து கொடுக்காது, நார்ப்பட்டையும் விரிந்து கொடுக்காது. உள்ளே சிறிதளவு வீக்கம் வந்தாலும் நசுங்குவது நரம்புதான். மணிக்கட்டை எந்தப் பக்கம் வளைத்தாலும் இந்த அழுத்தம் ஏறுகிறது. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் இதை நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். நலமாக இருப்பவர்களுக்குக் கை நேராக இருக்கும்போது அந்த வழிக்குள் அழுத்தம் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரசம். நோயாளிகளுக்கோ கை நேராக இருக்கும்போதே 32. நோயாளிகள் மணிக்கட்டை உள்நோக்கி மடக்கியபோது அது 94 ஆகவும், பின்னோக்கி வளைத்தபோது 110 ஆகவும் உயர்ந்தது. நாம் தூங்கும்போது நம்மை அறியாமலேயே கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியிலோ தலையணைக்கு அடியிலோ வைத்துக்கொள்கிறோம் என்பதால்தான் இந்த நோய் இரவில் எழுப்பிவிடுகிறது.

ஆகவே, ஸ்பிளிண்ட் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: மணிக்கட்டை நேராக, எந்தப் பக்கமும் வளையாமல் நிறுத்தி வைப்பது. ஆனால் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்பிளிண்ட்கள் பலவற்றில் உள்ளங்கைப் பக்கம் செருகப்பட்டிருக்கும் உலோகத் தகடு, கை சுமார் 20 பாகை பின்னோக்கி நிற்குமாறு வளைக்கப்பட்டிருக்கும். எலும்பு முறிவுக்கும் மூட்டு வலிக்கும் அந்த வளைவு பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. உறையிலிருந்து அந்தத் தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நேராக்கி, மீண்டும் செருகிக்கொள்ளுங்கள். அணிந்த பிறகு பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். ஒட்டுப்பட்டையை இறுக்கிக் கட்டினால் அதுவே அழுத்தமாகிவிடும் என்பதால், உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள். விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும்.

இரவு மட்டும் அணிந்தால் போதும். ஆனால் எல்லா இரவும் அணிய வேண்டும். ஆறு வாரங்களுக்குள் பயன் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். பகலில் அதை அணிந்துகொண்டு துணி வெட்ட முயலாதீர்கள். மணிக்கட்டு அசையாதபோது அதை ஈடுகட்ட விரல்களும் தோளும் கூடுதலாக உழைக்கும். மாறாக, வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தரி கேட்கும் பிடி மிக அதிகம். அழுத்திப் பிடிப்பதும், அந்தப் பிடியோடு மணிக்கட்டைத் திருப்புவதும் தொடர்ந்து நடப்பதுதான் நரம்புக்குக் கேடு. இதைப் பொறுத்தவரை கணினி விசைப்பலகையின் மீது சுமத்தப்படும் பழிக்கு அவ்வளவு வலுவான சான்று கிடையாது.

கையையும் விரல்களையும் அசைத்து நரம்பை அதன் வழியில் நகர்த்திக் கொடுக்கும் நரம்பு நழுவல் பயிற்சிகள் பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். நானும் கற்றுத் தருகிறேன். செய்வதால் கெடுதல் இல்லை. ஆனால் அவற்றை மட்டும் நம்பி மிதமான பாதிப்பை ஓட்டிவிடலாம் என்று சொல்ல மாட்டேன்.

வெண்பனி

அக்கா, எனக்கும் சர்க்கரை உண்டு, எனக்கும் இதே நோய் வந்தது என்பதால் எழுதுகிறேன். ஸ்பிளிண்ட்டில் ஓரளவு குறைந்து, பிறகு நின்றுவிட்ட நிலையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் வலி கூடுதலாகத்தான் இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் இரவில் விழிப்பது அடியோடு நின்றுவிட்டது. அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல இயலாது. ஆனால் ஊசி போட்ட மறுநாள் காலையில் சர்க்கரையைப் பார்த்தால், நான் அதுவரை கண்டிராத எண் திரையில் நின்றது. சில நாள்களில் தானாக இறங்கிவிட்டது என்றாலும், முன்பே சொல்லியிருந்தால் பதறியிருக்க மாட்டேன். ஆகவே ஊசி போட்டுக்கொள்வதானால், அந்த வாரம் முழுவதும் அடிக்கடி சர்க்கரை பார்ப்பதற்கும், தேவைப்பட்டால் மருந்தின் அளவை மாற்றுவதற்கும் உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்கள் கழித்து மரத்துப்போதல் மெல்லத் திரும்பி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முன்பு இருந்த கடுமை இல்லை. இப்போது இரவில் ஸ்பிளிண்ட்டோடு சமாளித்து வருகிறேன்.

இன்னொன்று: எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பி6 வைட்டமின் மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் ஊசியே தேவையில்லை என்கிறார். இது உண்மையா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

கைமருத்துவம்

நான் கை அறுவை சிகிச்சைத் துறையில் பணிபுரிபவன். உங்கள் கையைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது; ஆனால் இரண்டு மருத்துவர்களும் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதை விளக்க முடியும்.

முதலில் பி6 பற்றிய கேள்விக்கு விடை. அது பயன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. அதைவிட முக்கியமானது, அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் பி6 தானே புலன் நரம்புகளைக் கெடுத்துக் கைகால்களை மரத்துப்போகச் செய்யும். நரம்பு நோய்க்கு மருந்தென்று நினைத்து இன்னொரு நரம்பு நோயை வாங்கிக்கொள்ள வேண்டாம். வலி மாத்திரைகளும் நீர் பிரியும் மாத்திரைகளும் இந்த நோய்க்கு உதவுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். எதை முதலில் செய்வது என்பதை நான் அறிக்கையில் உள்ள "மிதமான" என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். விரல்கள் மரத்துப்போவது வந்து வந்து போகிறதா, அல்லது நாள் முழுவதும் நீங்காமல் நிற்கிறதா? உள்ளங்கையில் கட்டை விரலின் அடியில் உள்ள மேட்டுத் தசை, மறு கையோடு ஒப்பிட்டால் தட்டையாகியிருக்கிறதா? உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு கையை மேசைமேல் வைத்துக் கட்டை விரலை நேராகக் கூரையை நோக்கி உயர்த்தி, இன்னொருவர் அதைக் கீழே அழுத்தினால் தாங்க முடிகிறதா? மரத்துப்போதல் நிலையாகிவிட்டாலோ, தசை தேயத் தொடங்கிவிட்டாலோ நரம்பின் இழைகளே அழிகின்றன என்று பொருள். அப்போது ஸ்பிளிண்ட்டிலும் ஊசியிலும் மாதங்களைக் கழிப்பது தவறு. தேய்ந்த தசை, நரம்பை விடுவித்த பிறகும் முழுமையாகத் திரும்பி வராமல் போகலாம். மாறாக, உதறினால் உணர்வு திரும்புகிறது, தசையும் வலுவும் குறையவில்லை என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. முதல் மருத்துவர் சொன்ன வழியில் தொடங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

இரண்டாவது மருத்துவர் சொல்வதற்கும் அடிப்படை உண்டு. 2002இல் நெதர்லாந்தில் 176 பேரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு ஸ்பிளிண்ட்டும் மறு பிரிவுக்கு அறுவை சிகிச்சையும் அளித்த ஆய்வில், மூன்று மாதங்கள் கழித்து அறுவைப் பிரிவில் 80 விழுக்காட்டினரும் ஸ்பிளிண்ட் பிரிவில் 54 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். பதினெட்டு மாதங்களில் அது 90க்கு 75 என்று ஆயிற்று. அதற்குள் ஸ்பிளிண்ட் பிரிவில் பலர் அறுவைக்கு மாறியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த 75ஐப் படிக்க வேண்டும். ஊசியைப் பொறுத்தவரை, 2018இல் பிரிட்டனில் 234 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரங்களில் ஸ்பிளிண்ட்டை விட நல்ல பலன் தந்தது. ஆறு மாதங்களில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. 2013இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் ஊசி போட்டவர்களுக்குப் பத்து வாரங்களில் நல்ல நிவாரணம் இருந்தும், ஓராண்டுக்குள் அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அறுவை செய்துகொண்டனர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஸ்பிளிண்ட்டில் குணமாகாமல் அறுவைக்காகக் காத்திருந்தவர்கள். எனவே அதை எல்லோருக்கும் பொருத்திப் பேசுவது சரியன்று.

ஊசி நோயின் வேரை அறுக்காது. நரம்பைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்கும். வேலைப் பளு மிகுந்த காலத்தைக் கடத்துவதற்கோ, கருவுற்றிருக்கும் பெண்களைப் போலக் காரணமே சில மாதங்களில் நீங்கிவிடக்கூடியவர்களுக்கோ அது நல்ல கருவி. நோயறிதலை உறுதிசெய்யவும் அது உதவும்: ஊசி போட்டுச் சற்றும் குறையவில்லை என்றால், கழுத்து எலும்பில் நரம்பு அழுத்தம் இருக்கிறதா என்று நான் மறுபடியும் யோசிப்பேன். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளிறுவதும் மெலிவதும் சிலருக்கு உண்டு. நரம்புக்குள்ளேயே ஊசி இறங்குவது அரிது, ஆனால் ஊசி ஏறும்போது விரல்களில் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இரண்டு செய்திகள். சர்க்கரை நோயே கைகால் நரம்புகளைப் பொதுவாகப் பாதிக்கும் என்பதால், சுண்டு விரலும் கால் விரல்களும் மரத்துப்போகின்றனவா என்பது தெரிய வேண்டும். மீடியன் நரம்பு சுண்டு விரலுக்குச் செல்வதில்லை. இரண்டாவது, சர்க்கரை இருப்பவர்களுக்கு அறுவையில் பயன் இல்லை என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது சரியன்று, அவர்களும் நன்றாகவே தேறுகிறார்கள். தைராய்டு குறைபாடும் இந்த நோயைக் கொண்டுவரும் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள்.

பழைய தச்சர்

மருத்துவர் ஐயா நோயைச் சொல்லிவிட்டார். அறுவைக்குப் பிறகு கை எப்படி இருக்கும் என்பதைப் பட்டறிந்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

எனக்கு நாள் முழுவதும் மரத்தே கிடந்தது. ஆணியை விரலால் எடுக்கவே முடியாத நிலையில்தான் ஒப்புக்கொண்டேன். மயக்க மருந்து இல்லை. உள்ளங்கையில் மரப்பு ஊசி போட்டார்கள், அந்த ஊசிதான் வலித்தது. அறுவை முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு காயம் வலித்தாலும், பழைய எரிச்சல் வந்து எழுப்பவில்லை.

ஆனால் அதன் பிறகு வரும் வாரங்களைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. தையல் பிரித்த பின்பும், வெட்டிய கோட்டின் இரு பக்கமும், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை அடியில், தொட்டால் சுள்ளென்று ஒரு வலி இருந்தது. நாற்காலிக் கையில் உள்ளங்கையை ஊன்றி எழ முடியாது; கதவைத் தள்ள முடியாது. உளியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. தழும்பின்மேல் எண்ணெய் தடவி விரலால் அழுத்தி நீவிவிடச் சொன்னார்கள், அது உதவியது. அந்த வலி மெல்ல மெல்ல மறைந்து, பிடி வலுவும் மாதக்கணக்கில்தான் திரும்பியது. அம்மா, நீங்கள் தையல் தொழில் செய்வதால், துணி அதிகம் வரும் காலத்துக்கு முன்பாக அறுவை நாளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரவு எரிச்சல் உடனே போனாலும் விரல் நுனி மரப்பு முழுவதும் நீங்கவில்லை. ஆள்காட்டி விரல் நுனியில் இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இதற்கு முன்பே போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தையல்நூல்

அனைவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் ஐயா சொன்னவற்றைப் பார்த்தேன். மரத்துப்போவது இன்னும் வந்து வந்துதான் போகிறது. துணி வெட்டாத நாள்களில் பகலில் பெரும்பாலும் இல்லை. கட்டை விரல் மேடு இரு கைகளிலும் ஒரே அளவில்தான் தெரிகிறது. என் மகள் அழுத்திப் பார்த்தாள், தாங்க முடிகிறது. சுண்டு விரலில் எதுவும் இல்லை. மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி மட்டும் மரக்கிறது, மறுபாதி நன்றாக இருக்கிறது. தைராய்டு பரிசோதனை செய்ததில்லை.

இயன்முறையாளர் சொன்னதுபோல் ஸ்பிளிண்ட்டின் தகட்டை உருவிப் பார்த்தேன், நன்றாகவே வளைந்திருந்தது. நேராக்கிவிட்டேன். ஆறு வாரங்கள் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு ஐயங்கள்: அதுவரை காத்திருப்பதால் நரம்புக்குக் கேடு வருமா? அறுவை என்று முடிவானால், நுண்துளை முறையில் (சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்தி) செய்வது மேலானதா?

கைமருத்துவம்

மோதிர விரலில் பாதி மட்டும் மரப்பது மிக நல்ல அடையாளம். அந்த விரலின் ஒரு பாதிக்கு மீடியன் நரம்பும் மறு பாதிக்கு வேறொரு நரம்பும் செல்வதால், இந்தப் பிளவு மணிக்கட்டில் நோய் இருப்பதையே காட்டுகிறது. நீங்கள் சொல்லும் நிலையில் ஆறு வாரங்கள் காத்திருப்பதால் நரம்பு கெட்டுவிடாது. ஆனால் மரத்துப்போதல் நிலையாகிவிட்டாலோ, பொருள்கள் கையிலிருந்து நழுவி விழத் தொடங்கினாலோ அந்தக் கெடுவைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே செல்லுங்கள். ஆறு வாரங்களில் இரவுத் தூக்கம் சீராகாவிட்டால், உங்கள் வயதுக்கும் தொழிலுக்கும் சர்க்கரைக்கும், ஊசியைத் தாண்டி நேரே அறுவை பற்றிப் பேசுவதே நியாயம் என்பது என் கருத்து. 2025இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 934 பேரில் ஒரு பிரிவினருக்கு முதலில் அறுவையும் மறு பிரிவினருக்கு முதலில் ஊசியும் அளித்துப் பதினெட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, தேறியவர்கள் முறையே 61 விழுக்காடு, 45 விழுக்காடு. ஊசியில் தொடங்கியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறினார்கள் என்றும் அதைப் படிக்கலாம். எனவே ஊசியைத் தேர்ந்தெடுத்தாலும் அது பிழையாகாது.

திறந்த முறை, நுண்துளை முறை இரண்டிலும் செய்வது ஒரே வேலைதான்: கூரையாக உள்ள நார்ப்பட்டையை வெட்டி விடுவிப்பது. சில மாதங்களுக்குப் பின் பலனில் வேறுபாடு தெரிவதில்லை. நுண்துளை முறையில் தழும்புத் தொல்லை குறைவு, சராசரியாக ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம். தற்காலிகமான நரம்புத் தொந்தரவு அதில் சற்றுக் கூடுதல். முறையைத் தேடி மருத்துவரைத் தேர்ந்தெடுக்காமல், எந்த முறையைத் தினமும் செய்கிறாரோ அந்த முறையிலேயே அவரைச் செய்ய விடுங்கள். எந்த முறையானாலும் அறுவைக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். காயம் ஆறுவதும் கிருமித் தொற்று வராமல் இருப்பதும் அதைப் பொறுத்தவை.

இயன்முறையாளர்

ஒரு சேர்க்கை. பலருக்கு இந்த நோய் சில காலம் கழித்து மறு கையிலும் வருகிறது. இடது கையில் இப்போது தொல்லை இல்லாவிட்டாலும், இரவில் அதையும் மடக்கி வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் கவனியுங்கள். இலேசாகத் தொடங்கும்போதே அதற்கும் ஒரு ஸ்பிளிண்ட் வாங்கிக்கொள்ளலாம். வலது கைக்கு வாங்கியதை இடது கையில் மாற்றி அணிந்துவிடாதீர்கள். கட்டை விரலுக்கான இடம் மாறி, தகடும் தவறான பக்கம் போய்விடும்.